வலையொலியும் அவையறிதலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றியும் திறனாய்வைப் பற்றியும் காலை முதல் அரிய உரைகளைக் கேட்டோம். அவற்றுக்குப் பின் யூடியூப் தளத்தில் வலையொலிக்கு அவையோரைத் திரட்டுவது எப்படி என்று ஒருவன் பேச எழுந்தால், இலக்கிய மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அவர்களுக்கு நான் வள்ளுவரைத் துணைக்கு அழைக்கிறேன். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவை அஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் தனியே வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் உண்டு. சொல்வோனையும் கேட்போனையும் இணைத்தே எண்ணிய மரபு நம்முடையது. அவை மாறியிருக்கிறது; அறிய வேண்டிய கடமை மாறவில்லை.

பத்தாண்டுகளாக மாதந்தோறும் இவ்வரங்கில் கவிதைகள் படிக்கப்பட்டன. அவற்றுள் அச்சேறியவை சில. மற்றவை படித்த மாலையோடு போயின. கேட்டவர் நினைவில் ஓரிரு வரிகள் தங்கியிருக்கலாம். ஆனால் அக்கவிஞர் எந்தச் சொல்லில் நின்றார், எந்த வரியில் குரலைத் தாழ்த்தினார் என்பது எந்த அச்சிலும் ஏறாது. நம்மோடு இருந்து மறைந்தவர்களின் குரல்கள் சில கைப்பேசிகளிலும் பழைய ஒலிநாடாக்களிலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இக்குரல்கள் அரங்கிற்கு வெளியே உள்ள ஒருவர் செவியைச் சென்று சேர வேண்டுமா, சேர வேண்டுமெனில் எதைக் கொடுத்து, எதைக் காத்துச் சேர்ப்பது என்பதே என் உரையின் பொருள்.

வலையொலி வந்த வழி

தமிழர்களுக்குக் காற்றில் வரும் குரல் புதிதன்று. சென்னையில் 1924ஆம் ஆண்டிலேயே வானொலி மன்றம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தது. இலங்கை வானொலியின் தமிழ்க் குரல்களைக் கடல் கடந்து கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இலண்டனிலிருந்து 1941இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு, தமிழோசை என்னும் பெயரோடு வளர்ந்து, 2017 ஏப்ரல் வரை சிற்றலையில் ஒலித்தது. இவற்றுக்கெல்லாம் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. நேரம் நிலையத்தாருடையது. அந்த நேரத்தில் பெட்டியருகே இல்லாதவன் இழந்தவனே.

வலையொலி இந்த இலக்கணத்தை மாற்றியது. பாட்காஸ்ட் என்னும் சொல்லை 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்னும் இதழாளர் 'தி கார்டியன்' நாளிதழில் எழுதினார். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் கருவியையும் ஒலிபரப்பைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டிப் பிறந்த பெயர் அது. ஆர்.எஸ்.எஸ். என்னும் ஓடை வழியே ஒலிக்கோப்பு கேட்போரின் கருவிக்குத் தானே வந்து சேரும். நாள்தோறும் வாசலில் பால் வைக்கப்படுவது போன்ற ஏற்பாடு இது. ஆப்பிள் நிறுவனம் 2005 ஜூனில் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிக்கு இடம் தந்தது. 2014இல் வெளிவந்த 'சீரியல்' என்னும் அமெரிக்கத் தொடர், பழைய கொலை வழக்கு ஒன்றை வாரந்தோறும் ஆராய்ந்து, கேட்கும் கலைக்கு உலகெங்கும் புதிய மதிப்பை உண்டாக்கியது. அதுவரை வலையொலி பெரும்பாலும் செவிக்கே உரியதாக இருந்தது.

யூடியூப் பிறந்ததும் அதே 2005ஆம் ஆண்டில்தான். அதில் ஏறிய முதல் காணொளி, விலங்குக் காட்சிச்சாலையில் எடுக்கப்பட்ட 19 நொடிப் பதிவு. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் அதனை 165 கோடி டாலர் விலைக்கு வாங்கிற்று. கண்ணுக்கென்று பிறந்த அத்தளம் காலப்போக்கில் செவிக்கும் உரியதாயிற்று. சமைப்போர், நடைப்பயிற்சி செய்வோர், பேருந்தில் செல்வோர் ஆகியோர் காணொளியை ஓடவிட்டுக் குரலை மட்டும் கேட்கத் தொடங்கினர். கூகுள் 2018இல் தொடங்கிய கூகுள் பாட்காஸ்ட்ஸ் என்னும் செயலியை 2024இல் மூடிவிட்டு, கேட்போரை யூடியூப் மியூசிக்கிற்கு அனுப்பியது. மாதந்தோறும் 100 கோடிக்கும் மேற்பட்டோர் தன் தளத்தில் வலையொலிகளை நுகர்கிறார்கள் என்று 2025 பிப்ரவரியில் யூடியூப் அறிவித்தது. தொலைக்காட்சிப் பெட்டியில் வலையொலியைப் பார்ப்போரும் பெருகியுள்ளனர். கேட்பதற்கென்று தோன்றிய கலை கூடத்துப் பெட்டியில் வந்து அமர்ந்த கதை இதுவாகும்.

தளம் எவ்வாறு தேடித் தருகிறது

வானொலியில் ஒரே நிகழ்ச்சி ஒரே நேரத்தில் எல்லோர்க்கும் வரும். யூடியூப்பின் முகப்பில் அப்படியில்லை. ஒரே வீட்டில் மாமியார்க்கு வரும் பக்கம் வேறு, மருமகளுக்கு வரும் பக்கம் வேறு. இதனைத் தீர்மானிக்கும் கணக்குமுறையை அல்காரிதம் என்கிறார்கள். அதன் உட்பொருளை ஓரளவேனும் அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும்.

தொடக்கத்தில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதே முதன்மை அளவாக இருந்தது. அதனால் பொய்த் தலைப்புகள் பெருகின. 2012இல் தளம் தன் அளவுகோலை மாற்றி, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதன்மை தந்தது. 2016இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்று, பரிந்துரை இரண்டு படிகளில் நடப்பதை விளக்கியது. முதற்படியில், கோடிக்கணக்கான காணொளிகளிலிருந்து ஒருவருக்கு ஏற்றவையாகத் தோன்றும் சில நூறு பிரித்தெடுக்கப்படுகின்றன. அடுத்த படியில் அவை தரவரிசைப்படுத்தப்படுகின்றன. ஒருவர் முன்பு பார்த்தவை, அவரைப் போன்றோர் பார்த்தவை, எவ்வளவு நேரம் தங்கினார் என்பவை அக்கணக்கின் பொருள்கள்.

இதிலிருந்து நமக்கு இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன.

முதலாவது, இக்கணக்குமுறை கவிதையின் சிறப்பை எடைபோடும் புலவர் அவை அன்று. வந்தவர் தங்கினாரா, மீண்டும் வந்தாரா என்பதையே அது முதன்மையாகப் பார்க்கிறது. ஆகவே நம் காணொளி பரவாததைக் கவிதை மீதான தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. பரவியதையும் அப்படிக் கொள்ளலாகாது.

இரண்டாவது, பழைய வலையொலியில் கேட்போர் நிகழ்ச்சிக்குச் சந்தாதாரர். முதற்பகுதி தொடங்கி வரிசையாகக் கேட்பார். யூடியூப்பில் பெரும்பாலோர் நடுவழியில் ஏதோ ஒரு பகுதியின் வாயிலாக நம்மிடம் வருகிறார்கள். நம் வட்டம் எது, பேசுபவர் எவர் என்று அவர்கள் அறியார். ஆகவே ஒவ்வொரு பகுதியும் தனியே நிற்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் ஓர் அறிமுகமில்லாத விருந்தினர்க்கான வாயிலாக எண்ண வேண்டும்.

வாயிலைச் செப்பனிடல்

இனிச் செயல்முறைக்கு வருகிறேன்.

முதலில் ஒலி. முகம் மங்கலாகத் தெரிந்தாலும் மக்கள் பொறுப்பர். குரல் தெளிவில்லாவிடில் ஒரு நிமிடமும் பொறார். அரங்கின் பின்வரிசையில் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தால் மின்விசிறியின் இரைச்சலும் நாற்காலி இழுபடும் ஓசையுமே மேலோங்கும். சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்றிருந்தால் இக்குறை பெரும்பகுதி நீங்கும். அதற்கும் வசதியில்லையெனில், கைப்பேசியை வாசிப்பவரின் முன்னால் ஒரு முழத் தொலைவில் வைத்து, பதிவு முடியும்வரை மின்விசிறியை நிறுத்திவிடலாம். வியர்வையைக் கலையின் பொருட்டுச் சற்றுப் பொறுத்துக்கொள்வோம்.

அடுத்தது தலைப்பு. "நாற்பத்தேழாம் கூட்டம், பகுதி இரண்டு" என்னும் தலைப்பு நம் பதிவேட்டிற்குப் பொருந்தும். வெளியாளர்க்கு அது ஒன்றும் உணர்த்தாது. "மணல் அள்ளிய பின் ஆறு எப்படி இருக்கிறது? ஒரு கவிஞரின் பதில்" என்றிருந்தால், ஆற்றை இழந்த ஒருவர் நின்று பார்ப்பார். தலைப்பிற்கு 100 எழுத்துகள் வரை இடமுண்டு. ஆனால் கைப்பேசித் திரையில் முன்பகுதியே தெரியும். ஆகவே பொருளை முதலிலும் எண்ணைக் கடைசியிலும் வைக்க வேண்டும். தலைப்பு அளிக்கும் வாக்கைக் காணொளி காக்க வேண்டும் என்பதும் முக்கியம். பொய் சொல்லி அழைத்தால் வந்தவர் உடனே திரும்பிப் போவார்; அவர் போனதைக் கணக்குமுறை குறித்துக்கொள்ளும்.

முகப்புப் படம் என்பது நூலின் மேலட்டை. பொன்னாடை போர்த்தும் படம் நமக்கு மகிழ்ச்சி தரும். எல்லா விழாப் படங்களும் ஒன்றுபோலவே இருப்பதால் பிறர்க்கு அதில் செய்தியில்லை. வாசிப்பவரின் முகம் ஒன்று, பெரிய எழுத்தில் நான்கைந்து சொற்கள், அவ்வளவே போதும். கைப்பேசியில் அது தபால்தலையினும் சற்றுப் பெரிதாகவே தெரியும் என்பதை நினைவிற்கொள்க.

பிறகு, தொடக்கம். இங்கேதான் நம் மரபும் தளமும் மோதுகின்றன. நம் கூட்டம் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கும். வரவேற்புரை வரும். மேடையிலிருப்போர் ஒவ்வொருவரின் பட்டங்களும் சொல்லப்படும். முன்னிலை வகிப்போர் முகமன் கூறுவர். கவிதை வருவதற்குள் அரைமணி நேரம் ஆகிவிடும். அரங்கில் இது முறை. இது இருக்க வேண்டும். ஆனால் முதல் 30 நொடிக்குப் பின் எத்தனை விழுக்காட்டினர் எஞ்சியிருந்தனர் என்பதை யூடியூப் ஸ்டுடியோ தனியே எடுத்துக் காட்டுகிறது. அந்த 30 நொடியில் பட்டங்களைக் கேட்க அயலவர் எவரும் காத்திருக்கமாட்டார். ஆகவே அரங்கில் நடப்பது அப்படியே நடக்கட்டும். வலையொலிக்குரிய பதிவு கவிதையின் ஒரு வரியோடு தொடங்கட்டும். பின் இரண்டு வாக்கியங்களில் கவிஞரை அறிமுகம் செய்தால் போதும். வரவேற்புரை முழுமையும் வட்டத்தின் ஆவணத்தில் இருக்கும்.

நீண்ட உரையாடலுக்கு அத்தியாயக் குறிப்புகள் இன்றியமையாதவை. விளக்கப் பகுதியில் நேரத்தையும் பொருளையும் வரிசையாக எழுதினால், தளமே காணொளியைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். முதற்குறிப்பு 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 10 நொடியேனும் நீள வேண்டும். ஒன்றரை மணிநேர உரையில் தனக்கு வேண்டிய கவிதையை வாசகர் தேடி அடைய இது துணைசெய்யும். அத்தோடு கவிஞரின் பெயரையும், நூலின் பெயரையும், அந்நூல் எங்கே கிடைக்கும் என்பதையும் விளக்கத்தில் தமிழிலேயே எழுத வேண்டும். பதிப்பாளர்க்கும் அது உதவும்.

எல்லாப் பகுதிகளையும் ஒரு பிளேலிஸ்ட்டில் அடுக்கி, அதனை வலையொலி என்று ஸ்டுடியோவில் குறித்துவிட்டால், யூடியூப் மியூசிக்கிலும் அது வலையொலியாகவே தோன்றும். ஒலி மட்டும் உள்ளவர்கள் ஆர்.எஸ்.எஸ். ஓடையை இணைத்தால், அட்டைப் படத்தை நிலையாக வைத்து ஒலியைத் தளமே காணொளியாக்கிக்கொள்ளும். மறைந்த கவிஞர்களின் ஒலிநாடாக்களுக்கு இவ்வழி ஏற்றது. படம் இல்லையே என்று அக்குரல்களைப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டியதில்லை.

துண்டும் முழுமையும்

நெடும் உரையாடலுக்கு அவை திரண்ட முறையை அறிய ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கரான ஜோ ரோகன் 2009 டிசம்பரில் தன் வலையொலியைத் தொடங்கினார். ஒவ்வொரு பகுதியும் இரண்டு மூன்று மணிநேரம் நீளும். அவர் கருத்துகளை ஏற்போரும் வன்மையாக மறுப்போரும் உண்டு. ஈண்டு முறையை மட்டும் நோக்குவோம். முழு உரையாடலோடு, அதிலிருந்து எடுத்த சிறு துண்டுகளைத் தனி அலைவரிசை ஒன்றில் வெளியிட்டார். 2020இன் இறுதியில் முழுப் பகுதிகள் ஸ்பாட்டிஃபைக்கு மட்டும் உரியவையான பின்னரும், துண்டுகள் யூடியூப்பில் தொடர்ந்தன. 2024இல் ஏற்பட்ட புதிய ஒப்பந்தத்திற்குப் பின் முழுப் பகுதிகளும் யூடியூப்பிற்கு மீண்டன. கோயிலுக்குள் வராதவரும் தெருவில் சுண்டலைச் சுவைக்கலாம். சுவைத்தவருள் சிலர் பின்பு உள்ளே வருவர் என்பதே அம்முறை.

யூடியூப்பின் ஷார்ட்ஸ் என்னும் குறுங்காணொளி 2020 செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் இங்கு டிக்டாக் தடை செய்யப்பட்டிருந்தது. ஒரு நிமிடமாக இருந்த எல்லை 2024 அக்டோபரில் மூன்று நிமிடமாயிற்று.

கவிஞர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரையாடலிலிருந்து எடுத்த துண்டு எப்போதும் துண்டே. முன்னும் பின்னும் அற்றுப்போய்ப் பொருள் திரிவதும் உண்டு. ஆனால் ஒரு சிறு கவிதை மூன்று நிமிடத்தில் முழுமையாக அடங்கும். அதிலிருந்து எதையும் வெட்ட வேண்டியதில்லை. நான்கு அடியில் ஓர் உலகத்தை வைத்துக் காட்டிய மொழிக்கு மூன்று நிமிடம் பெருவெளி. பேச்சாளர்க்கும் நடிகர்க்கும் இல்லாத வசதி இத்தளத்தில் கவிஞர்க்கு இருக்கிறது.

எனினும் குறுங்காணொளியைப் பார்த்தவர் நெடும் உரையையும் கேட்பார் என்று கொள்வது பிழையாகும். விரலால் தள்ளிக்கொண்டே போகும் மனநிலை வேறு. அமர்ந்து கேட்கும் மனநிலை வேறு. ஆகவே ஒவ்வொரு குறுங்காணொளியிலும் அது எடுக்கப்பட்ட முழு உரைக்கு இணைப்புத் தர வேண்டும். வருவோர் சிலரே ஆயினும் அவர்கள் தேடி வந்தவர்கள்.

எண்களைப் படிக்கும் முறை

ஏட்டையும் எழுத்தையும் படித்த நாம் எண்களையும் படிக்கக் கற்க வேண்டும். முகப்புப் படத்தைக் கண்டவருள் எத்தனை பேர் சொடுக்கினர் என்னும் விழுக்காடு, அலைவரிசைகளில் பாதிக்கு இரண்டு முதல் பத்து வரை இருப்பதாக யூடியூப்பே கூறுகிறது. நூறு பேர் கடந்து போக ஐவர் உள்ளே வந்தால் அது தோல்வியன்று. தளத்தின் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் தேவை. ஆயிரம் பேர் ஆளுக்கு நான்கு மணிநேரம் கேட்டால் அது நிறையும். வட்டத்தின் நோக்கம் வருவாயன்று. ஆயினும் அந்தக் கணக்கு, சொடுக்கிவிட்டுப் போகும் இலட்சம் பேரினும் தங்கிக் கேட்கும் ஆயிரம் பேர் மேல் என்பதை உணர்த்துகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சந்தாதாரரையும் பார்வைகளையும் விலைக்கு விற்போர் இருக்கிறார்கள். 'நான் உன் அலைவரிசையில் சேர்கிறேன், நீ என்னுடையதில் சேர்' என்று கைம்மாற்றுச் செய்வோரும் உண்டு. இவ்விரண்டும் தளத்தின் விதிகளுக்கு மாறானவை. பரஸ்பரப் பாராட்டு நம் இலக்கிய உலகிற்குப் புதியதன்று. நீங்கள் என் நூலுக்கு அணிந்துரை எழுதுங்கள், நான் உங்கள் நூலுக்கு மதிப்புரை எழுதுகிறேன் என்னும் ஏற்பாட்டின் மறுபிறவியே இது. இவ்வாறு சேர்ந்தோர் கேட்பதில்லை. கேளாதோர் கூட்டம் பெருகினால், உண்மையில் கேட்போர் யாவர் என்பது நமக்கே தெரியாமற் போகும்.

நாம் பார்க்க வேண்டிய எண், திரும்பி வருவோரின் எண். சென்ற மாதம் கேட்டவர் இம்மாதமும் வந்தாரா? அவரை வரவழைப்பது ஒழுங்கு. முதல் மாதம் நான்கு காணொளி, அடுத்த மூன்று மாதம் ஒன்றுமில்லை என்றிருப்பதினும், மாதம் இரண்டு, குறித்த கிழமையில் என்றிருப்பது நன்று. சிற்றிதழ் நடத்தியவர்கள் இவ்வுண்மையை நன்கு அறிவர். நின்ற இதழ்களை எல்லாம் கவிதை நிறுத்தவில்லை. தேதி தவறியதே நிறுத்தியது.

விட்டுக்கொடுக்கலாகாதவை

தளத்திற்காக எதை மாற்றிக்கொள்ளலாம் என்று இதுவரை கூறினேன். எதை மாற்றலாகாது என்பதையும் கூறாவிடில் இவ்வுரை விற்பனைக் கலை வகுப்பாகிவிடும்.

ஒவ்வொரு நொடியிலும் எத்தனை பேர் எஞ்சியிருந்தனர் என்பதை ஸ்டுடியோ ஒரு கோடாக வரைந்து காட்டுகிறது. கவிஞர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு மூன்று நொடி அமைதியாக நின்றால், அவ்விடத்தில் அக்கோடு சரியக்கூடும். அமைதிகளை எல்லாம் தானே வெட்டித் தரும் மென்பொருள்களும் இருக்கின்றன. வணிகச் செய்திக்கு அது பொருந்தலாம். கவிதையில் அந்த மூன்று நொடி கவிதையின் உறுப்பு. அதனை வெட்டுவது யாப்பில் ஒரு சீரை வெட்டுவதற்கு ஒப்பாகும். கோடு சரிந்தால் சரியட்டும். அந்த அமைதியைக் கடந்தும் தங்கியவரே நம் அவையோர்.

வாசிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கவியரங்கில் ஒரு வரியை இருமுறை சொல்வோம். கைத்தட்டலுக்கு இடம் விடுவோம். பின்வரிசைக்கும் எட்டுமாறு குரலை உயர்த்துவோம். ஆயிரம் பேர் அமர்ந்த திடலுக்கு அது தேவை. வலையொலியைக் கேட்பவரோ பெரும்பாலும் தனியர். குரல் அவர் காதுக்குள்ளேயே ஒலிக்கிறது. அவரிடம் முழங்க வேண்டியதில்லை. எதிரே அமர்ந்தவரிடம் சொல்வது போலச் சொன்னால் போதும். மேடைக்கென எழுதிய கவிதையும் தாளுக்கென எழுதிய கவிதையும் ஒலிவாங்கியின் முன் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. நம் கவிஞர்கள் தங்கள் பதிவைத் தாங்களே ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நலம்.

உரிமையைப் பற்றிய கடமையும் நமக்குண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. நிகழ்த்துவோரின் உரிமையை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்றது. பாரதியின் படைப்புகளை 1949இல் அரசே வாங்கிப் பின்னர் மக்களுக்கு உரியவையாக்கியதால், அவற்றை யாவரும் தடையின்றிப் படிக்கிறோம். எல்லாக் கவிஞர்க்கும் அந்நிலை இல்லை. ஆகவே அரங்கில் படிக்க ஒப்பியவர், வலையேற்றவும் ஒப்பினார் என்று நாமாகக் கொள்ளக் கூடாது. எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பின்னர் அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடவும் வேண்டும். பின்னணியில் திரைப்பாடலின் இசையைச் சேர்க்கும் ஆசையையும் விட்டுவிடுக. 2007 முதல் இயங்கும் கன்டென்ட் ஐடி என்னும் முறை அதனைக் கண்டுபிடித்து உரிமையாளரிடம் சொல்லிவிடும். கவிதைக்கு அவ்விசை தேவையுமில்லை.

பின்னூட்டங்களைப் பற்றியது அடுத்த செய்தி. இதனை நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இங்கே படிக்கத் துணிந்த இளம் பெண் கவிஞர் ஒருவர், வலையேற்றுவதற்குத் தயங்குவதாக வைத்துக்கொள்வோம். காரணம் கவிதையில் இல்லை. காணொளியின் கீழே முகமற்றவர்கள் எழுதப்போகும் சொற்களில் இருக்கிறது. அரங்கில் ஒருவர் அவ்வாறு பேசினால் தலைவர் அவரை வெளியே அனுப்புவார். வலையிலும் அக்கடமை தலைவருடையதே. எல்லாப் பின்னூட்டங்களையும் படித்த பின்னரே வெளியிடவும், குறித்த சொற்கள் வந்தால் தடுக்கவும், வேண்டுமெனில் பின்னூட்டப் பகுதியையே மூடவும் தளத்தில் வசதியுண்டு. பின்னூட்டம் குறைந்தால் பரவல் குறையும் என்று எவரேனும் கூறினால், குறையட்டும் என்பதே நம் விடையாக இருக்க வேண்டும். ஒரு கவிஞரின் துணிவைக் கொடுத்து நூறு பார்வைகளை வாங்கும் வணிகம் நமக்கு வேண்டாம். மாறாக, ஊர் பேர் சொல்லி ஒருவர் பொறுப்போடு எழுதினால், அவர்க்கு இரண்டு வரியேனும் மறுமொழி எழுத வேண்டும். கடிதம் எழுதிய வாசகனுக்குப் பதில் போட்ட பண்பு நம் முன்னோருடையது.

இறுதியாக, யூடியூப் நம் களஞ்சியம் அன்று. அது ஒரு சந்தை. சந்தை இடம் மாறும், விதி மாறும். ஆறாண்டே வாழ்ந்த கூகுள் பாட்காஸ்ட்ஸ் கண்முன்னே மூடப்பட்டது. ஆகவே ஒவ்வொரு பதிவின் மூலக்கோப்பையும் வட்டம் இரண்டு வன்தட்டுகளில், இருவர் வீட்டில், நாளும் பெயரும் குறித்துக் காக்க வேண்டும். ஓலைச்சுவடி படியெடுக்கப்படாததால் இழந்தவற்றை எண்ணிப் பெருமூச்செறியும் இனம், தன் காலத்துக் குரல்களுக்கும் படியெடுக்காதிருத்தல் தகாது.

இவ்வாண்டிற்கு ஒரு வேண்டுகோள்

இனிமேல் வீட்டிலிருந்தே கேட்கலாம் என்று உறுப்பினர்கள் அரங்கிற்கு வாராதொழிவரே என்னும் அச்சம் மூத்தோர் சிலர்க்கு உண்டு. அது மதிக்கத்தக்க அச்சம். அரங்கின் நாற்காலிகள் வெறுமையானால் வலையொலிக்குப் பதிவு செய்யவே ஒன்றும் இராது. ஆதலின் கூட்டத்தை நேரலையில் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டம் வந்தோர்க்குரியது. அதன் பின் இரு வாரம் கழித்து, தேர்ந்தெடுத்த ஒரு கவிதையும் ஓர் உரையும் வலையேறட்டும். தொலைவிலிருந்து கேட்டவர் என்றேனும் ஒருநாள் இவ்வரங்கைத் தேடி வந்தால், அதுவே பெரும் பயன்.

இவ்வாண்டில் செய்யத்தக்கவை என்று நான்கினை முன்வைத்து அமைகிறேன். பதிவிற்கு ஒருவரும், தொகுப்பிற்கு ஒருவருமாக இருவர் பொறுப்பேற்க வேண்டும். மாதம் இரண்டு பகுதிகள், குறித்த கிழமையில் வெளிவர வேண்டும். ஒப்புதல் படிவம் ஒன்று அச்சிட வேண்டும். பழைய ஒலிநாடா வைத்திருப்போர் மூன்று மாதத்திற்குள் அவற்றைக் கொணர்ந்து தர வேண்டும். நாடா பூஞ்சை பிடித்தபின் எந்தத் தளமும் அக்குரலை மீட்டுத் தராது.

பத்தாண்டுகளுக்கு முன் இவ்வட்டம் தொடங்கியபோது எத்தனை பேர் வருவர் என்று எண்ணிப் பார்த்து எவரும் தொடங்கவில்லை. வந்தவர்க்குத் தரமான ஒன்றைத் தருவோம் என்றே தொடங்கினர். யூடியூப்பிலும் அதுவே வழியாகட்டும். முதல் மாதம் பதினைந்து பேர் கேட்கலாம். இச்சிற்றரங்கில் பதினைந்து பேர் வந்த மாலைகளில் நாம் கவிதை படிக்காமல் எழுந்து போனதில்லை.